மீச்சிறு பொது மடங்கு: பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக் கணக்காசிரியரின் பதில்கள்

வண்டித்தாவளம், ஒரு தாயார்: ஐயா, என் மகன் மலையாள வழியில் படிக்கிறான், 'லசாகு' என்கிறான். பொள்ளாச்சியில் படிக்கும் அண்ணன் மகள் மீச்சிறு பொது மடங்கு என்கிறாள். இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றேதான், அம்மா. கொடுத்த எண்கள் எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் அது. 'லகுதம சாதாரண குணிதம்' என்பதன் சுருக்கமே லசாகு. ஆந்திர எல்லைப் பக்கம் அதையே க.சா.கு. என்பார்கள். இருவரையும் ஒரே கணக்கைப் போடச் சொல்லுங்கள். விடை ஒன்றாகவே வரும்.

மீனாட்சிபுரம், மாணவி: 4, 12, 18 ஆகியவற்றுக்கு எனக்கு 72 வந்தது. விடைப் பகுதியில் 36 என்றிருக்கிறது. முதலில் 6ஆல் வகுத்தேன்.

பிழை அந்த முதல் வரியிலேயே நேர்ந்துவிட்டது. 6ஆல் வகுத்தபோது 12 என்பது 2 ஆயிற்று, 18 என்பது 3 ஆயிற்று; 4 மட்டும் வகுபடாமல் அப்படியே கீழே இறங்கியது. 6க்குள் ஒரு 2 ஒளிந்திருக்கிறது. அந்த 2ஆல் 4ஐயும் வகுத்திருக்கலாம், ஆனால் கூடவே இருந்த 3 அதைத் தடுத்துவிட்டது. அதனால் 4க்குள் இருந்த இரண்டு 2களும் தனியாக மிஞ்சி, தேவையான இரண்டுக்குப் பதில் மூன்று 2கள் விடையில் சேர்ந்தன. 1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பகா எண்ணால் மட்டும் வகுத்துப் பார்: 2ஆல் வகுத்தால் 2, 6, 9, மறுபடி 2ஆல் 1, 3, 9, 3ஆல் 1, 1, 3, மீண்டும் 3ஆல் 1, 1, 1. வகுத்த எண்களின் பெருக்கல் 2×2×3×3 = 36.

வேலந்தாவளம், வாசகர்: ஏற்க முடியவில்லை. 12, 18 இரண்டையும் 6ஆல் வகுத்தால் 2, 3; 6×2×3 = 36 சரியாகத்தானே வருகிறது?

வருகிறது. இரண்டே எண்கள் இருந்து, வகுக்கும் எண் இரண்டையும் வகுத்தால், அது பகு எண்ணாக, அதாவது 6ஐப் போல மேலும் சிறிய காரணிகளாகப் பிரியும் எண்ணாக, இருந்தாலும் பிழையில்லை. வகுபடாமல் இறங்கும் மூன்றாவது எண்தான் தொல்லை தருகிறது.

அதே வாசகர்: அப்படியானால் மூன்றையும் வகுக்கும் எண்களை மட்டும் எடுத்து, அவை தீர்ந்ததும் நிறுத்திவிடலாமே?

மூன்றையும் வகுக்கும் பகு எண்ணால் தொடங்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிறுத்தலாம் என்பதை ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 6, 10, 15 என்ற மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் பொதுவாக 1ஐத் தவிர வேறு காரணி இல்லை. உங்கள் வழியில் அங்கேயே நிறுத்திப் பெருக்கினால் 900 வரும். உண்மை விடையோ 30. எந்த இரண்டு எண்களுக்காவது பொதுக் காரணி இருக்கும்வரை வகுத்துக்கொண்டே போக வேண்டும். எண்களின் பெருக்கல் பலன் மீச்சிறு பொது மடங்கையும், எல்லா எண்களையும் வகுக்கும் மிகப் பெரிய எண்ணான மீப்பெரு பொதுக் காரணியையும் பெருக்கியதற்குச் சமம் என்ற விதியும் இந்த மூன்றிடம் தோற்றுவிடும். அது இரண்டு எண்களுக்கு மட்டுமே உரியது.

கோபாலபுரம், மாணவர்: ஒரு பேருந்து 6.00 மணியிலிருந்து 12 நிமிடத்துக்கு ஒருமுறையும், மற்றொன்று 6.05 மணியிலிருந்து 20 நிமிடத்துக்கு ஒருமுறையும் கிளம்புகின்றன. 60 நிமிடத்தில் சந்திக்கும் என்று எழுதினேன்.

சந்திக்கவே மாட்டா, தம்பி. 12, 20 இரண்டின் மடங்குகளும் 4ஆல் வகுபடும்; இடையில் நிற்கும் 5 வகுபடாது. இரண்டாவது பேருந்து 6.04க்குத் தொடங்கியிருந்தால் 6.24க்குச் சந்தித்து, அதன்பின் 60 நிமிடத்துக்கு ஒருமுறை சந்திக்கும். இரண்டும் ஒன்றாகத் தொடங்கினவா என்று பார்க்காமல் மீச்சிறு பொது மடங்கைத் தொடாதே.

சித்தூர், தேர்வுக்குப் படிப்பவர்: 1147, 1271 இரண்டுக்கும் காரணியே கிடைக்கவில்லை.

காரணியைத் தேடவே வேண்டாம். 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் எழுதிவைத்த வழி இருக்கிறது. 1271ஐ 1147ஆல் வகுத்தால் மீதி 124. 1147ஐ 124ஆல் வகுத்தால் மீதி 31. 124ஐ 31ஆல் வகுத்தால் மீதியில்லை. ஆகவே மீப்பெரு பொதுக் காரணி 31. இனி 1147ஐ 31ஆல் வகுத்து வரும் 37ஐ 1271உடன் பெருக்குங்கள்: மீச்சிறு பொது மடங்கு 47,027. முதலிலேயே பெருக்கிவிட்டுப் பிறகு வகுத்தால் ஏழிலக்க எண்ணோடு போராட நேரும்.

நல்லேப்பிள்ளி, மாணவி: 0ம் எல்லா எண்களுக்கும் மடங்குதானே, அதை ஏன் விடையாகச் சொல்வதில்லை?

0ஐ ஏற்றால் எல்லாக் கணக்குக்கும் விடை 0 ஆகிவிடும். அதனால் 0ஐ விடப் பெரிய மிகை எண்களில் சிறியதையே கொள்கிறோம்.

கோவிந்தாபுரம், மாணவர்: 8, 12, 30 மூன்றையும் பெருக்கி, மீப்பெரு பொதுக் காரணி 2ஆல் வகுத்தேன்; 1440 சரியா?

தவறு, 120. வேலந்தாவளத்து வாசகருக்கு எழுதிய பதிலை முழுவதும் படித்துவிட்டுக் கணக்கை மறுபடி போடு.