கரீபியன் பாணியில் வாழைப்பழம் பொரிப்பது எப்படி? நம் ஊர்ப் பழத்தில் அது வருமா?

கேள்வி கேட்டவர் மொந்தன் வாழைக்காயை வாங்கி, வட்டமாக நறுக்கி எண்ணெயில் போட்டுப் பார்த்திருக்கிறார். வீடியோவில் கண்ட தேன் நிறமும் இனிப்பும் வரவில்லையாம். வராதுதான். உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை, வாங்கின காய்தான் வேறு.

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். 2015 முதல் 2017 ஏப்ரல் வரை கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்த்தேன். அந்தத் தீவில் மருந்துக் கம்பெனிகள் நிறைய. வேலிடேஷன், அதாவது இயந்திரமும் முறையும் சரியாக இயங்குகிறதா என்று சோதித்துப் பதிவுசெய்கிற வேலைக்கென்று நம் ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். உமகாவோ என்ற ஊரில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே எழுபது தாண்டிய வீட்டுக்காரம்மா. குடிபோன மூன்றாம் நாள் அந்தம்மா இரண்டு பழம் கொடுத்தார். தோல் முக்கால்வாசி கறுத்து, தொட்டால் அமுங்கியது. கெட்டுப்போனதைத் தெரியாமல் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது என்று வாங்கிவந்து குப்பைப் பையில் போட்டுவிட்டேன். மறுநாள் காலை அந்தப் பையோடு நான் படியிறங்க, பழம் பிதுங்கிக்கொண்டு வெளியே தெரிய, அவர் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. பழத்தை எடுத்துக் கழுவித் துடைத்து, "மிஹோ, வா இங்கே" என்று சமையலறைக்குள் கூப்பிட்டார். மிஹோ என்றால் மகனே.

நாகர்கோவில்காரனுக்கு இதைவிட வெட்கம் இல்லை. எங்கள் வீட்டில் ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) கறுத்த பிறகுதான் அவிப்பதற்கு எடுப்பார்கள். "இன்னும் கறுக்கட்டும்" என்று அம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன், கடல் தாண்டியதும் அதே பழத்தை அழுகல் என்று நினைத்துவிட்டேன்.

அங்கே தின்னும் பழத்துக்கும் சமைக்கும் பழத்துக்கும் ஒரே பெயர் கிடையாது. உரித்துத் தின்பது கினேயோ. சமைப்பது பிளாத்தனோ. மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். பிளாத்தனோவுக்கு நம்மிடம் நேரான உறவு ஏத்தன் என்கிற நேந்திரன். ஏ, பி என்பவை வாழையின் இரண்டு காட்டு மூதாதைகளைக் குறிக்கும் எழுத்துகள், எதன் பங்கு எவ்வளவு என்று காட்டும். பிளாத்தனோ, ஏத்தன் இரண்டும் ஏஏபி வகையில் பிளாண்டைன் என்ற ஒரே சமையல் வாழைக் கூட்டம். மொந்தன் ஏபிபி. அதற்காக ஏஏபி எல்லாமே சரிப்படும் என்று நினைக்க வேண்டாம். ரஸ்தாளி, பூவனும் ஏஏபிதான், வாணலியில் போட்டால் கூழாகிவிடும். பிளாண்டைனில் பழுத்த பிறகும் மாவுச்சத்து ஓரளவு மிச்சம் நிற்கும். அதனால்தான் சூட்டில் உருக்குலையாமல் இருக்கிறது.

ஜமைக்காவிலும் டிரினிடாடிலும் பார்படாஸிலும் பொரித்த வாழை என்று சும்மா சொன்னாலே அது பழுத்ததுதான். போர்ட்டோ ரிக்கோவில் அதற்கு அமரியோஸ், அதாவது மஞ்சள்கள், என்று பெயர். கியூபாவில் மதுரோஸ், பழுத்தவை. காயில் செய்வது வேறு பலகாரம், அதற்குப் பிறகு வருகிறேன்.

அமரியோஸில் முக்கால்வாசி வேலை எண்ணெய் வைப்பதற்கு முன்பே முடிந்துவிடும். பழத்தைக் கறுக்க விட வேண்டும், அவ்வளவுதான். மஞ்சளாக, பார்க்க அழகாக இருக்கும்போது பொரித்தால் கிழங்கு மாதிரி இருக்கும், நாக்கில் லேசாகத் துவர்க்கும். நாளாக ஆக மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தச் சர்க்கரைதான் எண்ணெயில் பொன்னிறமாகி ஓரமெல்லாம் பாகு பிடித்ததுபோல் நிற்கும். மஞ்சள் பழம் வாங்கினால் நம் வெயிலுக்கு ஐந்தாறு நாள், செங்காயாக வாங்கினால் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். செங்காய்க்கு அங்கேயும் தனிப்பெயர் உண்டு, பின்டோன். பிரிட்ஜில் வைக்காதீர்கள். தோல் கறுக்கும், உள்ளே பழுப்பது நின்றுபோகும். பார்த்து ஏமாந்துவிடுவீர்கள். அரிசிப் பானையில் புதைத்து வைக்கிற நம் வழக்கம் இதற்கும் நன்றாக வேலை செய்கிறது. தோல் பாதிக்கு மேல் கறுத்து, அமுக்கினால் விரல் கொஞ்சம் பதிந்து, ஆனால் தோல் வெடித்து நீர் வடியாமல் இருக்க வேண்டும். அதுதான் பதம்.

உரித்துச் சாய்வாக நறுக்குங்கள், சுண்டுவிரல் கனத்துக்கு. மெலிதாகப் போனால் சிப்ஸும் ஆகாது, பழமும் ஆகாது. தட்டையான வாணலியில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்ணெய் போதும். ஜமைக்காப் பக்கம் தேங்காயெண்ணெயில் பொரிப்பதுண்டு, எனக்கும் அதுதான் பிடிக்கும். இனி கவனம். நாம் பஜ்ஜிக்குக் காய்ச்சுகிற சூடு இதற்கு ஆகாது. சர்க்கரை நிறைந்த பழம் என்பதால் மேலே கருகி, உள்ளே வேகாமல் போய்விடும். நடுத்தரத்துக்குக் கொஞ்சம் கீழே தீயை வைத்து, ஒரு துண்டு போட்டால் சுற்றிலும் சின்னக் குமிழ் மெதுவாக வர வேண்டும். சீறக்கூடாது. நெருக்கிப் போடாமல், பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். ஒரே ஒரு தடவை திருப்புங்கள், கிளறாதீர்கள். தேன் நிறம் வந்து ஓரம் கறுக்கத் தொடங்கும்போது எடுத்துவிட வேண்டும், தட்டுக்கு வந்த பிறகும் நிறம் கூடும். மேலே ஒரு சிட்டிகை உப்பு. தீர்ந்தது.

மிளகாய்த்தூள் வேண்டாமா, மைதா கரைக்க வேண்டாமா, ஏலக்காய், சர்க்கரை? வேண்டாம். மாவில் தோய்த்தால் அது பழம்பொரி. நல்ல பண்டம்தான், ஆனால் வேறு பண்டம். முதல் தடவை நான் மசாலா டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்து வீட்டுக்காரம்மா அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். கிளம்பும்வரை அது அங்கேதான் இருந்தது.

இதைத் தின்பண்டமாக நினைத்துத் தனியே தின்றால் இரண்டு துண்டில் திகட்டிவிடும். கரீபியனில் இது தொட்டுக்கொள்ள. ஜமைக்காவில் ஆக்கி பழமும் உப்புக்கருவாடும் சேர்ந்த காலைச் சாப்பாட்டின் ஓரத்தில் இருக்கும். போர்ட்டோ ரிக்கோவில் சோறும் பீன்ஸ் குழம்பும் வைத்த தட்டில் மூன்று துண்டு. உப்பும் கொழுப்பும் உள்ள எதற்குப் பக்கத்திலும் இதை வைக்கலாம். ஊருக்கு வந்த பிறகு மீன் குழம்புச் சோற்றுக்கு வைத்துப் பார்த்தேன், பிரமாதம். தயிர்ச்சோற்றுக்கு எனக்கு ஒத்துவரவில்லை, என் மனைவிக்கு அதுதான் பிடிக்கிறது.

காய்ப் பலகாரத்துக்கு டோஸ்டோனெஸ் என்று பெயர். ஹெய்ட்டியில் பனான் பெசே, அமுக்கின வாழை. நல்ல பச்சை ஏத்தங்காய் வேண்டும். இரண்டு முனையையும் வெட்டி, தோலின் விளிம்பு நெடுக கத்தியால் கீறி, உப்புத்தண்ணீருக்குள் வைத்துக் கட்டைவிரலால் நெம்பினால் தோல் விடும். ஓரங்குலத் துண்டுகளாக்கி, பூண்டு நசுக்கிப்போட்ட உப்புத்தண்ணீரில் பத்து நிமிடம் ஊற விட்டு, துணியில் ஒற்றி எடுங்கள். இதைப் பொரிப்பது இரண்டு தடவை. முதலில் மிதமான எண்ணெயில், சுமார் 160 டிகிரி, வெளிர் மஞ்சளாகும்வரை. சிவக்கக் கூடாது, உள்ளே வெந்தால் போதும். சூடு ஆறுவதற்குள் அமுக்கித் தட்டையாக்க வேண்டும், ஆறினால் விரிசல் விட்டு உடையும். அங்கே இதற்கென்றே டோஸ்டோனேரா என்ற மரப்பலகை வைத்திருக்கிறார்கள், கீல் வைத்து மடக்குவது. நான் எண்ணெய் தடவின வாழையிலைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து, எவர்சில்வர் டம்ளரின் அடியால் அமுக்குகிறேன். பூரி அமுக்கும் கட்டை இருந்தால் இன்னும் நல்லது. பிறகு 190 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம் மொறுமொறுவென்று எடுத்து, எண்ணெய் வடிவதற்குள் உப்புத் தூவ வேண்டும். இரண்டாம் தடவைக்கு முன் சிலர் பூண்டுத்தண்ணீரில் மறுபடி நனைப்பார்கள். ருசி கூடும், எண்ணெயும் முகத்தில் தெறிக்கும். நான் விட்டுவிட்டேன். மொந்தன் காய்தான் கிடைக்கிறது என்றால் அதை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம், கொஞ்சம் மாவாக இருக்கும், மோசமில்லை.

உப்புத்தண்ணீருக்குள் உரிக்கச் சொன்னது கறைக்காக. வாழைக்கறை என்றால் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை, வேட்டி கிழிந்தாலும் கறை இருக்கும். போர்ட்டோ ரிக்கோவில் அதை வைத்து ஒரு பேச்சே உண்டு. மாஞ்சா தே பிளாத்தனோ, வாழைக்கறை. எந்த ஊருக்குப் போனாலும் எப்படி மாறினாலும் இவன் போர்ட்டோ ரிக்கோக்காரன் என்று காட்டிக்கொடுக்கிற அடையாளத்துக்கு அந்தப் பெயர். பச்சைக்காய் உரித்துக் கறுத்த என் விரல்களைப் பார்த்து வீட்டுக்காரம்மா, "உனக்கும் கறை வந்துவிட்டது" என்றார். எங்கள் ஊரிலேயே வந்ததுதான் என்று சொல்ல எனக்கு அன்றைக்கு ஸ்பானிஷ் போதவில்லை.

இத்தனைக்கும் அந்தத் தீவுகளுக்கு வாழை வெளியிலிருந்து வந்தது. 1516-ல் தோமாஸ் தே பெர்லாங்கா என்ற பாதிரியார் கேனரி தீவுகளிலிருந்து இஸ்பானியோலாவுக்கு (இன்றைய ஹெய்ட்டியும் டொமினிகன் குடியரசும் இருக்கும் தீவு) கொண்டுவந்தார் என்கிறார்கள். (1535-ல் காற்று நின்று கப்பல் திசைமாறி, கலாபகோஸ் தீவுகளில் போய் ஒதுங்கியவரும் இவரே.) கன்றைக் கொண்டுவந்தது பாதிரியார் என்றாலும், அதைத் தோட்டங்களில் தினச் சோறாக ஆக்கியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்கள். பொரித்த காயைப் பூண்டோடும் பன்றித்தோல் வறுவலோடும் உரலில் இடிக்கிற மொஃபோங்கோவைப் பார்த்தால் வேகவைத்த கிழங்கையோ வாழைக்காயையோ இடித்துச் செய்கிற மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுஃபு ஞாபகம் வரும். இடிப்பதற்கு வைத்திருக்கும் மர உரல் நம் பாட்டி வீட்டுச் சின்ன உரலேதான்.

நான் ஊர் திரும்பின வருடம் செப்டம்பர் 20-ம் தேதி மரியா புயல் யபுகோவாவில் கரையேறியது. உமகாவோவுக்குப் பக்கத்து ஊர் அது. பல வாரம் அந்தம்மாவிடமிருந்து தகவல் இல்லை. பிறகு ஒரு படம் வந்தது, கொல்லையில் வாழையெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் எங்கள் பக்கம் வந்தது. நானும் அவருக்கு அதே மாதிரி ஒரு படம் அனுப்பினேன். இரண்டு பேருமே கீழே ஒன்றும் எழுதவில்லை.

மறுவருடம் எங்கள் வீட்டு ஏத்தன் குலை தள்ளியதும் முதல் வேலையாக அமரியோஸ் செய்து, தட்டோடு படமெடுத்து அனுப்பினேன். பாராட்டு வரும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரைமணி கழித்துப் பதில் வந்தது. "இன்னும் இரண்டு நாள் விட்டிருக்க வேண்டும்."