மேலங்கியைக் கேட்ட பவுல்

கேள்வி: எனக்கு வயது 72. பாளையங்கோட்டையில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. சாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே மகனும் மகளும், "அச்சானியமா பேசாதீங்கம்மா" என்கிறார்கள். உயில் எழுதுவது அவிசுவாசமா? பரலோக நம்பிக்கை இருந்தும் ராத்திரியில் பயம் வருகிறது. தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்தில் இருக்கும் தங்கையோடு ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை, அதுவும் உறுத்துகிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, சிறையில் சாவை எதிர்பார்த்திருந்த அப்போஸ்தலன் பவுல், தன் சீடன் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபம், நாலாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஓட்டத்தை முடித்தேன்' என்ற வசனம் அடக்க ஆராதனைகளில் கேட்டுக் கேட்டு நமக்கு மனப்பாடம். ஆறு வசனம் தள்ளி அதே மனிதர், துரோவாவில் கார்ப்பிடம் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் எடுத்துவரச் சொல்கிறார். சாகப்போகிறவருக்குக் குளிர்கிறது, எந்தச் சாமான் யாரிடம் என்ற கணக்கும் இருக்கிறது. இதை ஏனோ யாரும் பிரசங்கம் பண்ணுவதில்லை.

ஆகவே உயிலைத் தாராளமாக எழுதுங்கள். எழுதாவிட்டால் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் சொத்து மகனுக்கும் மகளுக்கும் சமபங்காகப் போகும். வேறு மாதிரி கொடுக்க நினைத்தால்தான் உயில். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னால் சண்டை குறையும். இரண்டு சாட்சிகள் வேண்டும். இங்கேதான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள்: மகளையோ மருமகனையோ சாட்சியாகப் போட்டால் அந்த மகளுக்கு எழுதியது செல்லாமல் போகும். பங்கில்லாத இரண்டு பேரைப் பிடியுங்கள்.

கணவரின் கல்லறையிலேயே உங்களையும் வைக்க முடியுமா என்று சேகர குருவானவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். பாட வேண்டிய பாமாலைப் பாட்டுகளையும் ஒரு தாளில் குறித்து பைபிளுக்குள் வையுங்கள். பிள்ளைகள் திட்டினால் திட்டட்டும். அன்றைக்கு அந்தத் தாளைத்தான் தேடுவார்கள்.

அப்புறம் பயம். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவரே வியாகுலப்பட்டாரே, நாம் எம்மாத்திரம்? ஆனால் ஒன்று யோசியுங்கள், பயம் சாவுக்கா, இல்லை ஐசியூவில் குழாய்களோடு கிடப்பதற்கா? எனக்கு இரண்டாவதுதான். அதற்கும் வழி இருக்கிறது. மீளவே முடியாத நிலையில் செயற்கையாக உயிரை இழுத்துப் பிடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றுக்கொண்டது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி, அவ்வளவுதான். முதல் வகைப் பயம் என்றால் குருவானவரை அழைத்து வீட்டிலேயே திருவிருந்து (நற்கருணை) எடுங்கள், பயத்தை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

தங்கை விஷயத்தைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல். ஒரு காலத்தில் மாற்கு என்ற உடன் ஊழியரை ஊழியப் பயணத்துக்குக் கூட்டிப்போகவே மாட்டேன் என்று, இன்னொரு உடன் ஊழியரான பர்னபாவோடு சண்டை போட்டுப் பிரிந்தவர் பவுல். அதே நாலாம் அதிகாரத்தில், மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டு வா என்கிறார். யார் மேல் தப்பு என்ற பேச்சே அங்கே இல்லை. போன் வேண்டாம், வார்த்தை தடித்துவிடும். நேரில் போங்கள், ஒருவேளைச் சாப்பாட்டுக்கு இருந்துவிட்டு வாருங்கள். மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு என்று தீமோத்தேயுவை அவசரப்படுத்துகிறார் பவுல். நாசரேத்துக்கு பஸ் இருக்கிறது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் கிளம்புங்கள்.