டெபாசிட் கட்டுவதற்கு முன்னால், ஒரு அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. மகளுக்கு வந்த அட்மிஷன் கடிதத்தையும் உதவித்தொகைக் கடிதத்தையும் நிதானமாகப் படித்தேன். ஒஹையோவில் ஒரு சிறிய கிறிஸ்தவக் கல்லூரி, நர்சிங் படிப்பு, வருடம் 22,000 டாலர் ஸ்காலர்ஷிப். "இவ்வளவு தருகிறார்கள், வேறு யாராவது வாங்குவதற்குள் டெபாசிட் கட்டிவிடட்டுமா?" என்று, இடத்தை உறுதி செய்யக் கட்டும் முன்பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பதற வேண்டாம். கடிதத்திலேயே மே 1 வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை அந்த இடம் உங்கள் மகளுக்குத்தான்.

முதலில் அந்த 22,000. அமெரிக்கத் தனியார் கல்லூரிகளில் முதல் வருட மாணவர்களுக்குச் சராசரியாகக் கல்விக் கட்டணத்தில் பாதிக்கு மேல் தள்ளுபடியாகவே போய்விடுகிறது. இணையதளத்தில் போட்டிருக்கும் முழுக் கட்டணத்தைக் கட்டுகிறவர்கள் மிகக் குறைவு. உங்கள் மகளின் மதிப்பெண்ணைக் குறைத்துச் சொல்லவில்லை, அவள் நன்றாகப் படித்தவள்தான். ஆனால் ஸ்காலர்ஷிப் எவ்வளவு என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நான்கு வருடத்தில் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று கணக்குப் போடுங்கள்.

கடிதத்தின்படி கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து முதல் வருடம் 48,000 டாலர். 22,000 போக 26,000. நீங்கள் அதை நான்கால் பெருக்கி 1,04,000 என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டணம் வருடா வருடம் ஏறும், ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் அதே தொகையில் நிற்கும். வருடம் 4 சதவீதம் ஏறுவதாக வைத்தால் நான்காம் வருடம் நீங்கள் கட்டுவது கிட்டத்தட்ட 32,000. மொத்தம் 1,15,800 டாலருக்கு மேல். அந்த ஸ்காலர்ஷிப்பைத் தக்கவைக்க எவ்வளவு ஜிபிஏ, அதாவது சராசரி மதிப்பெண் புள்ளி, வேண்டும் என்பதும் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது, பாருங்கள். நர்சிங்கில் முதல் வருட அனாடமியும் கெமிஸ்ட்ரியும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளையே திணறடிக்கும்.

அப்புறம், அதே கடிதத்தில் ஃபெடரல் கடனும் (மத்திய அரசு தரும் கடன்) வொர்க் ஸ்டடியும் உதவி என்ற தலைப்பின் கீழ் இருக்கின்றன. கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். வொர்க் ஸ்டடி என்பது அவள் வேலை செய்து மாதாமாதம் வாங்கும் சம்பளம், செமஸ்டர் பில்லில் கழியாது. இரண்டையும் அடித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள். மாணவர் பெயரில் நான்கு வருடத்துக்கு வாங்கக்கூடிய ஃபெடரல் கடன் வழக்கமாக 27,000 டாலர்தான். மீதிக்குப் பெற்றோர் பெயரில் அரசு தரும் பேரன்ட் பிளஸ் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தீர்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குகிறவர்களுக்கு அது ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பு வந்துவிட்டது. உங்கள் கணக்கில் அதற்கு மேலும் 23,000-க்கு மேல் துண்டு விழுகிறது. அதற்கு என்ன வழி என்று இப்போதே தெரிந்தாக வேண்டும்.

இங்கேதான் உங்களுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 2007-இல் உச்சத்தில் இருந்த பிறப்பு எண்ணிக்கை அதன்பின் குறைந்துகொண்டே வந்தது. அந்தக் குழந்தைகளுக்குத்தான் இப்போது 18 வயதாகிறது. சிறிய கல்லூரிகளுக்கு மாணவர்கள் தேவை. ஆகவே கூடுதல் உதவி கேட்டு அப்பீல் செய்யத் தயங்காதீர்கள், அதற்காக யாரும் அட்மிஷனை ரத்து செய்ய மாட்டார்கள். உங்கள் கணவருக்குப் போன அக்டோபரில் வேலை போனது என்று எழுதியிருக்கிறீர்கள். அரசு நிதி உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவம் பார்ப்பது இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தை, அதாவது அவர் முழுச் சம்பளம் வாங்கிய காலத்தை. வேலை போன கடிதத்தையும் இப்போதைய வருமானத்தையும் காட்டினால் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்துக்கு மறுபடி கணக்கிடும் அதிகாரம் உள்ளது. இதைச் செய்யாமல் டெபாசிட் கட்டாதீர்கள்.

மாணவர் குறைவதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நியூயார்க்கில் 1882-இல் தொடங்கிய அலையன்ஸ் பல்கலைக்கழகம் 2023-இல் மூடப்பட்டது. அலபாமாவின் பர்மிங்காம் சதர்ன் 2024 மே மாதத்தோடு முடிந்துபோனது. இரண்டும் கிறிஸ்தவக் கல்லூரிகள், நல்ல பெயர் இருந்தவை. மூன்றாம் வருடத்தில் கல்லூரி மூடினால் அதுவரை படித்து முடித்த பாடங்களின் கிரெடிட்டுகளை எடுத்துக்கொண்டு வேறு இடம் தேட வேண்டும், நர்சிங்கில் மருத்துவமனைப் பயிற்சிக்கான கிளினிக்கல் இடம் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். காலேஜ் நேவிகேட்டர் என்ற அரசுத் தளத்தில் கல்லூரியின் மாணவர் எண்ணிக்கையும் பட்டம் முடிப்போர் விகிதமும் இருக்கும். கல்வித்துறை தனியார் கல்லூரிகளுக்கு மைனஸ் 1 முதல் 3 வரை நிதிநிலை மதிப்பெண் போடுகிறது. 1.5-க்குக் கீழே என்றால் நான் யோசிப்பேன். கல்லூரிக்கு அங்கீகாரம் தரும் மண்டல அமைப்பு எச்சரிக்கை ஏதும் கொடுத்திருக்கிறதா என்பதையும் அதன் தளத்திலேயே பார்க்கலாம்.

நர்சிங் பற்றி இரண்டே கேள்வி. நேரடியாக நர்சிங்கில் சேர்த்திருக்கிறார்களா, அல்லது இரண்டாம் வருடம் மறுபடி போட்டியிட வேண்டிய ப்ரீ நர்சிங்கா? நர்ஸ் உரிமம் பெற எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வில் முதல் முறையிலேயே எத்தனை சதவீதம் பேர் தேறுகிறார்கள்? இரண்டாவதை மாநில நர்சிங் வாரியமே வெளியிடுகிறது.

கடைசியாக, நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டது. "நாங்கள் கோயிலுக்குப் போகிற குடும்பம், பிள்ளையை மாற்றிவிடுவார்களா?" இதில் கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசம் உண்டு. சிலவற்றில் கிறிஸ்தவ நம்பிக்கையை ஏற்கிறேன் என்று சொல்லும் விசுவாச அறிக்கையில் ஆசிரியர்கள் மட்டும் கையெழுத்திட்டால் போதும், எந்த மதத்து மாணவரும் சேரலாம். சிலவற்றில் மாணவரும் கையெழுத்திட வேண்டும். சாப்பல் எனப்படும் கல்லூரி ஆலய வழிபாட்டுக்கு வருகைப்பதிவு, இரண்டு மூன்று பைபிள் பாடங்கள், மது, உறவுகள் பற்றிய நடத்தை விதிகள் ஆகியவை பல இடங்களில் கட்டாயம். அவர்கள் அதை மறைப்பதில்லை, மாணவர் கையேட்டில் வெளிப்படையாக இருக்கும். மகளும் நீங்களும் உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். அவள் மனதார ஏற்க முடியாத வரியில் கையெழுத்திட வேண்டாம். ஏற்க முடிகிறது என்றால், பேராசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்தச் சின்ன வகுப்புகள் அவளைப் போன்ற கூச்ச சுபாவமுள்ள பெண்ணுக்கு உண்மையிலேயே நல்லது. முடிந்தால் ஒரு சாப்பல் நாளில் போய், அங்கே படிக்கும் வேற்று மதத்துப் பிள்ளை ஒருவரோடு அவள் தனியாகப் பேசட்டும்.

திங்கட்கிழமை நிதி உதவி அலுவலகத்துக்கு போன் செய்து அப்பீலுக்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடிதத்தை மகளே எழுதட்டும். எழுதியதும் அனுப்புங்கள், நான் படித்துத் தருகிறேன்.