சக்கரமும் அளவுப்பெட்டியும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். என் மகள் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே இருக்கும் மேன் தீவில், டக்ளஸ் நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். ஜூலையில் நானும் மனைவியும் போகிறோம். லாக்ஸி ஊரிலுள்ள பெரிய நீர்ச்சக்கரம், தீவின் நாடாளுமன்றமான டின்வால்டின் விழா இரண்டையும் காட்டுகிறேன் என்கிறாள். எனக்கு முழங்கால் வலி, ஏதாவது ஒன்றுதான் முடியும். எதற்குப் போகலாம்? சக்கரத்துக்கு 'லேடி இசபெல்லா' என்று ஒரு பெண்ணின் பெயரை வைத்திருக்கிறார்களாம், எவ்வளவு நல்ல மனசு! மோட்டார் சைக்கிள் பந்தயமும் பிரபலமாமே? நம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவின் வாசல் வளைவை விட்டால் இப்படிக் காட்ட என்ன இருக்கிறது?

சு., சூரமங்கலம்

அன்புள்ள சு.,

முழங்கால் வலிக்காரர் சக்கரத்தைக் கீழே நின்றே பார்க்கலாம். 72 அடி 6 அங்குல விட்டம், கண்ணுக்குத் தப்பாது. சுழல்படியில் மட்டும் ஏறிவிடாதீர்கள்.

அந்த 'நல்ல மனசு' பேச்சை விடுங்கள். இசபெல்லா என்பவர் தீவின் லெப்டினன்ட் கவர்னர் சார்லஸ் ஹோப்பின் மனைவி. 1854இல் சக்கரத்தை ஓட்டிய சுரங்க முதலாளிகள் கவர்னர் வீட்டுக்கு வைத்த ஐஸ் அது. தீவில் நிலக்கரி கிடையாது. அதனால் ஈயமும் துத்தநாகமும் எடுத்த குழிகளிலிருந்து ஊற்றுநீரை இறைக்க ஓடைத் தண்ணீரையே வேலை வாங்கினார்கள். 1929இல் சுரங்கம் மூடியபின் சக்கரம் பழைய இரும்புக்குப் போயிருக்கும். எட்வின் நீல் என்ற உள்ளூர்க் கட்டடக்காரர் பொறுப்பெடுத்துப் பராமரித்தார். அரசாங்கம் வாங்கியது 1965இல்தான். பெயர் வைப்பதென்றால் அந்த மனுஷனுக்கு வைத்திருக்க வேண்டும். அதே பள்ளத்தாக்கில் இன்னும் மேலே, ஸ்னேஃபெல் சுரங்கத்தில் 1897 மே மாதம் விஷவாயுவில் 20 பேர் செத்தார்கள். அதையும் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். சேலத்தில் என்ன இருக்கிறதா? சூரமங்கலத்தில் குடியிருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது! ஓமலூர் பஸ்ஸில் ஏறி, மாமாங்கம் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். வெள்ளைக்கல் குவியல்கள். மேக்னசைட். எஃகு உலைகளின் உள்சுவருக்கான செங்கல் அந்தக் கல்லைச் சுட்டுத்தான் வரும். போன வாரம் அந்த வழியாகப் போனதிலிருந்து எனக்கு என் பெரியம்மா ஞாபகமாகவே இருக்கிறது.

பெரியம்மா அங்கே கல் உடைத்தவர். வெட்டி வரும் கல் மேலே காலிஃபிளவர் மாதிரி புடைத்திருக்கும், இடுக்கில் பச்சையும் பழுப்புமாகப் பாறை ஒட்டியிருக்கும். சின்னச் சுத்தியலால் அந்தப் பாறையை மட்டும் கொத்தி எடுக்க வேண்டும். ஓங்கி அடித்தால் நல்ல கல் நொறுங்கிப் போகும், மெல்லத் தட்டினால் பாறை போகாது. சாயங்காலம் புருவம் வெளுத்து வீடு வருவார். கூலி பெட்டிக் கணக்கு. மரப்பெட்டியின் விளிம்புவரை நிரப்பினால் ஒரு பெட்டி என்றுதான் பேச்சு. ஆனால் விளிம்புக்கு மேல் கோபுரமாகக் குவித்தால்தான் மேஸ்திரி நோட்டில் கோடு போடுவார். குவியலில் இருப்பது கால் பெட்டி. அது யார் கணக்கில் போயிற்று? பெரியம்மா சாகும்வரை இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார். புருஷன் குடித்ததைக்கூட மறந்துவிட்டார், அந்தக் கால் பெட்டியை மறக்கவில்லை.

அந்தப் பெட்டி ஒன்று இன்று எங்காவது இருக்கிறதா? வளைவுக்கு முன்னால் செல்ஃபி எடுத்துவிட்டு 'சேலத்தில் ஒன்றுமில்லை' என்கிறோம். சுத்தியல் பிடித்த கிழவிகள் கருப்பூர்ப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள் ஐயா. விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒருநாள் போய்ப் பேசுங்கள். டிக்கெட் கிடையாது, படியும் கிடையாது.

சரி, கேட்டதற்கு வருகிறேன். டின்வால்டுக்கே போங்கள். செயிண்ட் ஜான்ஸ் ஊரில் நாலடுக்காக ஒரு மேடு. ஆயிரமாண்டு விழாவையே 1979இல் கொண்டாடிவிட்டார்கள். ஜூலை 5 அன்று (சனி, ஞாயிறாக இருந்தால் அடுத்த திங்களன்று) தேவாலயத்திலிருந்து மேடுவரை பாதையில் கோரைப்புல் பரப்பி, அந்த வருடத்துச் சட்டங்களின் சுருக்கத்தைத் தீவின் சொந்த மொழியான மேங்ஸிலும் ஆங்கிலத்திலும் வாசிப்பார்கள். ஊர்வலம், பேண்டு எல்லாம் உங்கள் மனைவி பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் மேட்டின் அடிவாரத்தைப் பாருங்கள். குறை உள்ளவர் யாரானாலும் அங்கே வந்து அத்தனை பேர் முன்னால் மனு கொடுக்கலாம். நம் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மாதிரிதான், ஆனால் ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். என் பெரியம்மா பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டே போயிருப்பார்.

பந்தயம் ஜூன் மாதத்திலேயே முடிந்துவிடும், அந்தக் கவலை வேண்டாம். அப்புறம், ஏற்காட்டுக்குப் போடும் ஸ்வெட்டரை நம்பிப் போகாதீர்கள், அந்தக் கடல்காற்றுக்குத் தாங்காது.