பிள்ளை செய்வது ஹக்கிங் இல்லை அம்மா

அம்மா, கோண்டாவில் வீட்டிலிருந்தே பிள்ளை கொழும்புக் கம்பனிக்குப் பயிற்சி வேலை செய்கிறது, இரவில் கறுப்புத் திரையில் எதையோ தட்டுகிறது, கேட்டால் "முதலில் இன்னொரு கம்பியூட்டருக்குள் போய், அதற்குள்ளால்தான் தரவுத்தளத்துக்குப் போக வேண்டும்" என்கிறது, பொலிஸ் வருமோ என்று பயந்து எழுதியிருந்தீர்கள். வராது.

ஊரில் பழைய வீட்டுச் சங்கடப்படலையை நினைத்துப் பாருங்கோ. வளவைச் சுற்றி வேலி, வருகிறவர் யாரென்று படலையடியில் பார்த்துத்தான் உள்ளே விடுவது. வாடிக்கையாளர் விவரம் இருக்கும் தரவுத்தளத்தைப் பொறுப்பான கம்பனி எதுவும் நேரே இணையத்தில் திறந்து வைப்பதில்லை. நடுவில் ஒரு சேர்வரை மட்டும் வெளியே வைத்து, யார் எப்போது வந்தார் என்று அதில் பதிந்துகொள்வார்கள். அதற்குள்ளால் போக எஸ்எஸ்எச் என்ற மென்பொருள், போகிற வருகிற எல்லாவற்றையும் வெளியாருக்குப் புரியாதபடி பூட்டி அனுப்புவது. 1995இல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடியதால், அங்கிருந்த டாட்டு இலோனென் எழுதியது. வந்ததே பாதுகாப்புக்குத்தான்.

இலங்கையின் 2007ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம் பார்ப்பது அனுமதி இருந்ததா என்பதை. ஆகவே பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேளுங்கோ: எஸ்எஸ்எச்சில் உள்ளே போகக் கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் காட்டும் சாவிக் கோப்பு அதன் பெயரில் கொடுத்ததா, இல்லை சீனியர் ஒருவர் தன்னுடையதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாரா? இரண்டாவது என்றால் நாளைக்கே மின்னஞ்சல் போட்டுத் தன் பெயரில் கேட்கட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனிப் பிள்ளைக்கு. சுரங்கம், அதாவது நடுச் சேர்வருக்குள்ளால் தரவுத்தளம் வரை எஸ்எஸ்எச் போடும் பாதை, திறந்த பிறகும் உன் லப்டொப்பிலுள்ள பழைய அட்டவணைகளே தெரிகின்றன என்றாயாம். உன் லப்டொப்பிலேயே உள்ள தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல் ஏற்கெனவே 3306 என்ற போர்ட்டை, அதாவது இணைப்பு நுழையும் வாசல் எண்ணை, பிடித்து வைத்திருக்கும், அதனால் சுரங்கத்தின் இந்த முனைக்கு 3307 கொடு. அப்புறம் உன் மெசினைக் குறிக்க லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டாமல் 127.0.0.1 என்றே தட்டு, ஏனென்றால் லினக்ஸில் லோக்கல்ஹோஸ்ட் என்றதும் மைஎஸ்க்யூஎல் போர்ட்டையே பாராமல் சொக்கெட் என்ற உள்வழியாக உன் மெசினுக்குள்ளேயே போய்விடும். மறுமுனையில் கொடுக்கும் முகவரி நடுச் சேர்வருக்குத் தெரிகிற முகவரியாக இருக்க வேண்டும், உனக்குத் தெரிகிறதாக அல்ல. பலர் மணிக்கணக்காக இடறுவது இங்கேதான். என்னிடம் வரும் பிள்ளைகளில் தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல் தண்ணியாகப் பாடமானவர்களும் நேர்முகத்தில் இந்தக் கேள்விக்கு முழிக்கிறார்கள், நீ சம்பளம் எடுக்கும் முன்பே கையால் செய்து பார்க்கிறாய். சேர்வர், கிளவுட் பக்கம் போக எண்ணமிருந்தால் இதை விடாதே.

அம்மா, கரண்ட் போய்விட்டது என்று கொமினிகேசன் கடைக் கம்பியூட்டரில் அந்தச் சாவிக் கோப்பைப் போட மட்டும் விடாதீர்கள்.