வினாப்பட்டியல் ஆய்வை வைத்துப் பேராசிரியராக முடியுமா?

மதுரையில் எம்.காம் முடித்து பிஎச்டி சேர்ந்திருக்கிறீர்கள். நெறியாளர் முதலீட்டாளர்களிடம் வினாப்பட்டியல் கொடுத்து மனச்சாய்வுகளை அளக்கச் சொல்கிறார். இதை வைத்து பிஹேவியரல் ஃபைனான்ஸ் (பண முடிவுகளில் மனம் செய்யும் வேலை), அசெட் பிரைசிங் (பங்கு போன்ற சொத்துகளின் விலை எப்படி அமைகிறது) துறையில் பேராசிரியராக முடியுமா என்று கேட்கிறீர்கள்.

பட்டம் கிடைத்துவிடும். நல்ல ஆய்விதழ்களில் எடுபடுவதுதான் கஷ்டம். "நஷ்டப் பங்கை விற்றுவிடுவீர்களா?" என்று கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்று டிக் அடித்துவிட்டு, அதே பங்கை வருடக்கணக்கில் கட்டிக்கொண்டு அழுவார்கள். லாபப் பங்கைச் சீக்கிரம் விற்று நஷ்டத்தைப் பிடித்துவைக்கும் இந்தப் பழக்கத்தை நிதித்துறை ஆய்வாளர்கள் ஷெஃப்ரினும் ஸ்டேட்மனும் 1985-ல் எழுதினார்கள். இன்னொரு ஆய்வாளர் டெரன்ஸ் ஓடீன் 1998-ல் அதை 10,000 தரகுக் கணக்குகளின் உண்மையான வர்த்தகப் பதிவுகளில் காட்டினார். அந்த டேட்டாதான் அவருடைய பலம்.

அதனால் வினாப்பட்டியலைத் தூக்கிப் போட வேண்டாம். அண்ணா நகரிலோ கே.கே. நகரிலோ அதை நிரப்பித் தருகிறவரிடமே, எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, அவருடைய டிரேடிங் ஆப்பிலிருந்து வர்த்தகப் பதிவையும் கேளுங்கள். பெயர், பான் எண்ணை நீக்கிவிடுங்கள். நூறு பேர் தயங்குவார்கள், பரவாயில்லை. சொன்னதும் செய்ததும் எங்கே பிரிகிறது என்பதே ஒரு நல்ல கட்டுரை.

அசெட் பிரைசிங் வேறு கதை. எகனாமெட்ரிக்ஸும் (பொருளாதார டேட்டாவுக்கான புள்ளியியல்) ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழியும் இல்லாமல் நகராது. பங்குகளின் வருமானத்தை நிறுவன அளவு போன்ற காரணிகளால் விளக்கும் ஃபாமா-ஃபிரெஞ்ச் முறைக்கு, இந்தியச் சந்தைக்கான டேட்டாவை ஐஐஎம் அகமதாபாத் இலவசமாகத் தருகிறது. அதில் கைபழகுங்கள்.

அப்புறம், நெறியாளரிடம் இப்போதே பேசிவிடுங்கள். தலைப்பு பதிவான பிறகு மாற்றுவது பெரிய பாடு.