உயரமான இன்டேக் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) மாட்டிய பிறகு ஏர் கிளீனர் பானட்டில் இடிக்கிறது. 1970 ஷெவெல் காரின் பானட்டில் எப்படி ஓட்டை போடுவது?

ரம்பத்தை எடுக்கும் முன் எத்தனை அங்குலம் இடிக்கிறது என்று அளந்துவிடுங்கள். ஏர் கிளீனர் மூடியில் நாலைந்து இடத்தில் களிமண் உருண்டை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, பானட்டை மெல்ல இறக்கித் தூக்குங்கள். நசுங்கி மிஞ்சிய களிமண்ணின் கனம்தான் உங்களுக்குள்ள இடைவெளி. தடுத்தால் அமுக்க வேண்டாம், தகடு வளைந்துவிடும்.

ஒரு அங்குலம்தான் பற்றாக்குறை என்றால் தயவுசெய்து வெட்டாதீர்கள். கார்புரேட்டருக்கு அடியில் உயரம் கூட்டும் ஸ்பேசர் கட்டை இருந்தால் கழற்றுங்கள், அல்லது அடித்தட்டு பள்ளமாக இறங்கிய ஏர் கிளீனர் வாங்குங்கள். தட்டு சோக்கிலோ பெட்ரோல் குழாயிலோ முட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். 3 அங்குல ஃபில்டரை 2 அங்குலமாக மாற்றுவது கடைசி வழி. 14 அங்குல விட்டத்தில் ஃபில்டரின் சுற்றுப்பரப்பு 132 சதுர அங்குலத்திலிருந்து 88 ஆகக் குறைந்துவிடும். இந்த மாடலுக்கே அந்தக் காலத்தில் வந்த, நடுவில் உயர்ந்து விண்ட்ஷீல்ட் பக்கம் வாய் திறந்த கவுல் இன்டக்‌ஷன் பானட்டின் மறுதயாரிப்பும் விற்பனையில் இருக்கிறது. ஒரிஜினல் பானட்டை ஒருமுறை வெட்டினால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும் வேலை.

இரண்டு அங்குலத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டத்தான் வேண்டும். பலரும் தப்பு செய்யும் இடம் இதுதான்: நின்றிருக்கும் இன்ஜினுக்கு அளவெடுத்து வட்டமாக வெட்டிவிடுகிறார்கள். இன்ஜினும் அசையும், பானட்டும் அசையும். முன்னாலிருந்து பார்த்தால் கிராங்க் (இன்ஜினின் அடியில் சுழலும் முக்கியத் தண்டு) வலஞ்சுழியாகச் சுற்றும். அதன் எதிர்விசையில் இன்ஜினின் இடது பக்கம், அதாவது அமெரிக்கக் காரில் டிரைவர் பக்கம், மேலே எழும்பும். உச்சி வலது பக்கம் சாயும். கிராங்கிலிருந்து 20 அங்குல உயரத்தில் ஏர் கிளீனர் இருந்து, இன்ஜின் 3 டிகிரி திரும்பினால் சாய்வு ஒரு அங்குலம். ரப்பர் மவுண்ட் கிழிந்திருந்தால் இன்னும் கூடும், அதை முதலில் மாற்றுங்கள். பானட்டோ பின்பக்கக் கீலில் வளைவாக எழுகிறது. ஓட்டையின் முன்விளிம்பு பின்னோக்கி வந்து ஏர் கிளீனரில் உரசக்கூடும். ஆகவே சுற்றிலும் முக்கால் அங்குலம், வலப்புறமும் முன்புறமும் கூடுதலாக அரை அங்குலம் விடுங்கள். ஓரத்தில் மாட்டும் ரப்பர் பீடிங் அடைக்கும் கனத்தையும் கணக்கில் சேருங்கள்.

மையம் குறிக்க ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, அதைக் கார்புரேட்டரோடு பிடிக்கும் நடுக்கம்பியின் உயரத்தைச் சரிசெய்து, நுனியில் பெயின்ட் தடவி பானட்டை இறக்குங்கள். உள்பக்கம் பட்ட புள்ளியில் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் மேலே மையம் கிடைத்துவிடும்.

கீல் போல்ட்டுகள் இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, இருவராகப் பானட்டைக் கழற்றிக் கீழே வைத்து வெட்டுங்கள். காரிலேயே வைத்து வெட்டினால் இரும்புத்தூள் கார்புரேட்டருக்குள் போகும். ஜிக்சாவில் அங்குலத்துக்கு 24 பல் உள்ள உலோக பிளேடு போடுங்கள். பெயின்டின் மேலும் ஜிக்சாவின் அடித்தட்டிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கிரைண்டர் வட்டு தகட்டைச் சூடாக்கி நெளித்துவிடும். முதலில் ஒரு அங்குலம் சிறிதாகவே வெட்டுங்கள். பானட்டை மாட்டி, ஒருவர் பக்கவாட்டில் குனிந்து பார்க்க, மெதுவாக இறக்கிப் பார்த்து, முட்டும் இடத்தை அகலப்படுத்தி, மேலே சொன்ன இடைவெளி வரும்வரை வெட்டுங்கள். சதுர ஓட்டை என்றால் மூலைகளை ஒரு அங்குல ஆரத்தில் வளைத்து வெட்டுங்கள். கூர்மூலையில் விரிசல் பிடிக்கும்.

பானட் இரண்டு அடுக்கு. உள்சட்டத்தின் குறுக்குக் கட்டையை அறுத்துவிட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் தகடு படபடக்கும். ஓட்டையைச் சுற்றி ஒரு அங்குல அகலத் தகட்டு வளையம் கொண்டு மேல் அடுக்கையும் உள் அடுக்கையும் இணைத்தே ஆகவேண்டும். வெல்டிங்கை விட பேனல் பசை நல்லது, சூடு இல்லாததால் தகடு நெளியாது. வெல்டிங்தான் என்றால் சிறு சிறு பொட்டுகளாக, எதிரெதிர் இடங்களில், ஆறவிட்டு வையுங்கள். பிறகு ஓரத்தை அரத்தால் தேய்த்து, எபாக்ஸி ப்ரைமர் அடித்து, அடுக்குகளின் இடுக்கில் சீலர் பூசி, பீடிங் மாட்டுங்கள்.

மழையில் காகித ஃபில்டர் ஊறினால் இன்ஜின் மூச்சுத் திணறும், ஓட்டைக்கு மேலே ஸ்கூப் (காற்று வாய் வைத்த மூடி) ஒன்று அவசியம். முன்பார்த்த ஸ்கூப் என்றால் வாயை பானட்டிலிருந்து உயர்த்தி வையுங்கள். தகட்டை ஒட்டி ஓடும் காற்று மெதுவானது. பின்பார்த்த ஸ்கூப்புக்கு விண்ட்ஷீல்டின் அடியில் தேங்கும் அழுத்தம் உதவும். இடம் போதவில்லை என்று ஏர் கிளீனரே இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள். கார்புரேட்டர் பின்னடித்தால் (பேக்ஃபயர்) வெளிவரும் தீப்பிழம்பைத் தடுப்பதும் அதுதான். முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு ஏர் கிளீனர் மூடியின் ஓரத்தில் பெயின்ட் உரசிய தடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் இன்னும் கால் அங்குலம் எடுக்கவேண்டும்.